வெளிநாட்டில் வாடகைக் கார்: 150 ரிங்கிட் அனுமதிப் புத்தகம் யாருக்குத் தேவை, யாருக்கு வீண்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் வெளிநாட்டுப் பயணம் என்றால் முன்பெல்லாம் தமிழ்நாட்டுக் கோயில் யாத்திரை, அல்லது எல்லை தாண்டி தாய்லாந்தின் ஹட்யாய் கடைத்தெரு வரை ஒரு போக்குவரத்து, அவ்வளவுதான். இன்று செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்து தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் மெல்பர்னிலும் லண்டனிலும் வேலை பார்க்கிறார்கள். மலிவு விமானச் சீட்டு அகப்பட்டால் பெற்றோர், மாமியார், குழந்தைகள் என ஆறேழு பேராக ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். அத்தனை பேருக்கும் ரயில் சீட்டு வாங்குவதைவிட ஒரு வேனை வாடகைக்கு எடுப்பது இலாபம் என்று கணக்குப் போட்டதும், மலேசிய லைசன்ஸ் போதுமா, "இன்டர்நேஷனல்" எடுக்க வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே வழங்கும் அனைத்துலக வாகனமோட்டும் அனுமதிப் புத்தகத்துக்கு ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கு 150 ரிங்கிட் கட்டணம். அண்ணன், தம்பி இருவரும் மாறி மாறி ஓட்டுவதானால் 300 ரிங்கிட்; அதோடு ஈப்போவுக்குப் போய்வர அரை நாள் விடுப்பு. தேவையென்றால் இது பெரிய தொகையல்ல. தேவையில்லாத இடத்துக்கு வாங்கினால், அந்தப் பணத்தில் வாடகைக் காருக்கு இரண்டு முறை எண்ணெய் ஊற்றியிருக்கலாம்.

"வேண்டும்", "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் தாங்கள் போய்வந்த ஒரு நாட்டை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். பெர்த்துக்குப் போனவர் யாரும் கேட்கவில்லை என்பார். ஓசாகாவுக்குப் போனவர் அது இல்லாமல் காரைத் தொடவே விடவில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஒரு நாட்டின் சாலைச் சட்டம், வாடகை நிறுவனத்தின் நிபந்தனை, விபத்து நேர்ந்தால் பணம் கொடுக்க வேண்டிய காப்புறுதி ஆகிய மூன்றும் தனித்தனியாக முடிவெடுக்கின்றன. சட்டம் கேட்காததை நிறுவனம் கேட்கலாம். முகப்பில் இருக்கும் ஊழியர் கவனிக்காமல் விட்டதைக் காப்புறுதி நிறுவனம் பிறகு தோண்டி எடுக்கலாம். ஆகவே கீழே நாடுகளை ஒப்பிடும்போது இந்த மூன்றையும் சேர்த்தே பார்க்கிறேன்.

முதலில் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். சாம்பல் நிற அட்டை, கடப்பிதழைவிடச் சற்றுப் பெரிய அளவு, உள்ளே ஒரே செய்தி பல மொழிகளில் அச்சாகியிருக்கும் பக்கங்கள். கடைசியில் பிரெஞ்சு மொழிப் பகுதி வருகிறது. ஓட்டுநரின் பெயர், பிறந்த இடம், புகைப்படம், ஏ முதல் இ வரையிலான வாகன வகைகள், எந்த வகைக்கு அனுமதி உண்டோ அதற்கு நேரே முத்திரை, எல்லாம் அங்கேதான். இந்த வடிவம் 1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கையில் வகுக்கப்பட்டது. மலேசியா அந்த ஒப்பந்தத்தில் உறுப்பு நாடு. 1968இல் வியன்னாவில் இன்னோர் ஒப்பந்தம் உருவானது. அதன்படி வழங்கப்படும் அனுமதி மூன்றாண்டு வரைகூடச் செல்லும். ஜெனீவா வகை அனுமதிக்கு ஓராண்டுதான் ஆயுள். இது தனி லைசன்ஸ் அல்ல. நம் ஊர் உரிமத்தின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு என்று கொள்ளலாம். மூல உரிமம் கையில் இல்லாமல் இதை மட்டும் நீட்டினால் எந்த நாட்டிலும் செல்லாது, உரிமம் காலாவதியானால் இதுவும் கூடவே செல்லாததாகிவிடும்.

மொழிபெயர்ப்பு என்று சொன்னதில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் பட்டணத்தில் பெரும்பாலான ஆண்களின் லைசன்ஸில் "பி2, டி" என்று இருக்கும். நம் முறைப்படி பி2 என்பது 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள். டி என்பது கார். ஜெனீவா ஒப்பந்தத்தின் வகைப்பாட்டிலோ மோட்டார் சைக்கிளுக்கு ஏ, காருக்கு பி, எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றும் பேருந்துக்கு டி. ஐரோப்பாவில் ஒரு போலீஸ்காரர் நம் அட்டையைப் பார்த்து, இவர் பேருந்து ஓட்டுநர் போலிருக்கிறது என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அனுமதிப் புத்தகத்தில் பி என்ற கட்டத்துக்கு நேரே விழும் முத்திரைதான் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. மற்ற விவரங்களை நம் அட்டையே மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிடுகிறது. அதனால்தான் சில நாடுகளில் புத்தகம் தேவைப்படுவதில்லை.

அந்த ஜெனீவா ஒப்பந்தமே இரண்டு வழிகளுக்கும் இடம் வைத்திருக்கிறது. உறுப்பு நாட்டின் செல்லுபடியாகும் உரிமத்தோடு வருபவரை மறுதேர்வு இல்லாமல் ஓட்ட விட வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு நாடு விரும்பினால், குறிப்பாக அந்த உரிமம் ஒப்பந்தம் வகுத்த மாதிரியில் இல்லாவிட்டால், அனுமதிப் புத்தகத்தையும் கேட்கலாம் என்று அடுத்த வரியிலேயே விலக்கும் தருகிறது. ஜப்பான் ஒரு பக்கம் நிற்பதும் பிரிட்டன் மறுபக்கம் நிற்பதும் அதனால்தான்.

அண்டை நாடுகளை வேகமாகக் கடந்துவிடலாம். ஆசியான் நாடுகள் ஒன்றின் உள்நாட்டு உரிமத்தை மற்றொன்று ஏற்பதற்கான ஒப்பந்தம் 1985இல் கோலாலம்பூரிலேயே கையெழுத்தானது. தற்காலிகமாக வந்து தங்குபவர்களுக்கு அது பொருந்தும். சிங்கப்பூருக்கோ தாய்லாந்துக்கோ சுற்றுலாவாகப் போய்க் கார் எடுப்பவர் 150 ரிங்கிட்டை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். சிங்கப்பூரில் வேலை அனுமதியோடு வாழும் பிள்ளைக்கு இது பொருந்தாது. அவர் குறித்த காலத்துக்குள் அந்த நாட்டு உரிமத்துக்கு மாற வேண்டியவர், அனுமதிப் புத்தகம் அதற்கு மாற்றாகாது. சொந்தக் காரிலேயே புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகத் தாய்லாந்துக்குள் போகிறவர்கள் கவலைப்பட வேண்டியது அனுமதிப் புத்தகத்தைப் பற்றி அல்ல, தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியைப் பற்றி.

ஆனால் தாய்லாந்திலும் பாலியிலும் பலர் கார் எடுப்பதில்லை, ஸ்கூட்டர் எடுக்கிறார்கள். கார் உரிமம் மட்டும் உள்ளவர், கிராபியிலோ பூக்கெட்டிலோ கடைக்காரர் கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுத்தார் என்பதற்காக ஓட்டினால், அவர் உரிமமில்லாமல் ஓட்டுகிறவர்தான். புத்தகம் வாங்கினாலும் நிலைமை மாறாது. மலேசியாவில் இல்லாத வகையை அது கூட்டிக் கொடுக்காது. உரிய உரிமம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டி அடிபட்டவருக்குப் பயணக் காப்புறுதி மருத்துவச் செலவைத் தருவதில்லை என்ற விதி அந்தப் பத்திரங்களில் சர்வ சாதாரணமாக இருக்கிறது. படித்துப் பார்ப்பவர்தான் குறைவு.

ஜப்பானில் தேர்வுக்கே இடமில்லை. ஜெனீவா ஒப்பந்த வடிவிலான அனுமதியை மட்டுமே ஜப்பான் ஏற்கிறது. வியன்னா வடிவத்தை ஏற்பதில்லை. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், தைவான் போன்ற சிலவற்றின் உரிமங்களுக்கு மட்டும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு ஓட்டும் சலுகை உண்டு; அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. ஆக, ஜேபிஜே தரும் சாம்பல் நிறப் புத்தகம் ஒன்றே வழி. அது இல்லாமல் ஓட்டுவது உரிமமில்லாமல் ஓட்டும் குற்றமாகவே கருதப்படும். அதற்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 5 இலட்சம் யென் வரை அபராதம். வாடகை முகப்பில் ஊழியர் பணிவாகத் தலை குனிந்து வரவேற்பார். பிறகு கடப்பிதழ், மலேசிய லைசன்ஸ், அனுமதிப் புத்தகம் மூன்றையும் வாங்கி, புத்தகத்தின் கடைசிப் பகுதியைப் பிரித்து முத்திரை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்து, தேதியைச் சரிபார்த்து, மூன்றையும் நகலெடுத்த பிறகே சாவியைப் பற்றிப் பேசுவார். ஓட்டப்போகும் ஒவ்வொருவரும் இதைக் காட்டியாக வேண்டும். வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன், படம் கைப்பேசியில் இருக்கிறது என்று சொல்வதெல்லாம் எடுபடாது. ஜப்பானில் இருந்துகொண்டு மலேசிய அனுமதியை அங்கே வாங்கவும் முடியாது.

அனுமதியின் செல்லுபடிக் காலமும் ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து ஓராண்டும், எது முதலில் முடிகிறதோ அதுவரை ஓட்டலாம். சுற்றுலாப் பயணிக்கு இது தாராளம். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நம்மவர்களுக்குக் கை பழகிய முறைதான். இருந்தாலும் இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: தோக்கியோ, ஓசாகா, கியோத்தோ மட்டும் பார்க்கப்போகும் குடும்பத்துக்குக் காரே வேண்டாம், அதனால் புத்தகமும் வேண்டாம். நிறுத்துமிடக் கட்டணமும் நெடுஞ்சாலைக் கட்டணமும் சேர்ந்து ரயில் சீட்டை எட்டிவிடும். ஹொக்கைடோ, கியூஷு, ஓக்கினாவா போன்ற இடங்களில்தான் கார் தன் வாடகைக்கு நியாயம் செய்கிறது. அங்கும், டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஹொக்கைடோவுக்குப் போகிறவர்கள் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலும் தோட்டத்துச் செம்மண் பாதையிலும் எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும், உறைந்த பனிக்கட்டியின் மேல் பிரேக் மிதிக்கும் பழக்கம் அதில் வந்துவிடாது. சட்டப்படி ஓட்டலாம் என்று புத்தகம் சொல்வதை ஓட்ட முடியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொரியாவிலும் இதே கண்டிப்புத்தான்: புத்தகம், மூல உரிமம், கடப்பிதழ் மூன்றும் வேண்டும். கூடுதலாக, அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும்.

சீனாவுக்கு நேர்மாறான காரணத்தால் புத்தகம் பயன்படாது. அந்த நாடு ஜெனீவா, வியன்னா ஒப்பந்தங்களைத் தன் நிலப்பரப்பில் நடைமுறைப்படுத்தவில்லை. அனைத்துலக அனுமதி அங்கே வெறும் காகிதம். குவாங்சோவிலோ குன்மிங்கிலோ ஓட்ட விரும்புகிறவர் அங்கேயே தற்காலிக உரிமம் பெற வேண்டும். சில நாள் சுற்றுலாவுக்காக அந்த அலைச்சலை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஹாங்காங் வேறு கதை: அங்கே வருகையாளர் தம் சொந்த நாட்டு உரிமத்தோடு ஓட்டலாம்.

உண்மையிலேயே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றில்தான். நம் பிள்ளைகள் அதிகம் வாழ்வதும் அங்கேதான். பிரிட்டனில் வருகையாளர் எந்த நாட்டின் செல்லுபடியாகும் கார் உரிமத்தோடும் 12 மாதம் வரை ஓட்டலாம். ஆஸ்திரேலிய மாநிலங்களின் விதிகள் சிறிது வேறுபட்டாலும், உரிமம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொழிபெயர்ப்போ அனைத்துலக அனுமதியோ வேண்டும் என்பதுதான் சாரம். நியூசிலாந்தின் போக்கும் அதுவே. நம் அட்டையில் ஆங்கிலம் இருப்பதால் சட்டம் என்ற முதல் கதவு தானாகத் திறந்துவிடுகிறது. பெரிய வாடகை நிறுவனங்கள் பல, உரிமம் ரோமன் எழுத்தில் இல்லாதபோதுதான் அனுமதிப் புத்தகம் கேட்கின்றன. அதனால் இந்த மூன்று நாடுகளுக்கும் வெறும் லைசன்ஸோடு போவதே என் பரிந்துரை.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வாடகைக் காரைப் பலரும் நிறுவனத்திடம் நேரடியாக முன்பதிவு செய்வதில்லை. விலை ஒப்பிடும் இணையத்தளங்களில் மலிவாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தளத்தில் பணம் கட்டும் பக்கத்துக்கு முன்னால் "வாடகை நிபந்தனைகள்" என்று சிறிய எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும்; அதைத் திறந்து "ஓட்டுநர் உரிமம்" என்ற தலைப்பைத் தேடிப் படிக்க வேண்டும். அந்தக் குறிப்பிட்ட கிளையின் நிபந்தனையில், வெளிநாட்டு உரிமக்காரர்கள் அனைவரும் அனைத்துலக அனுமதி கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தால், நாட்டுச் சட்டத்தை மேற்கோள் காட்டி வாதாடுவதில் பயனில்லை. அது ஒப்பந்தம், நீங்கள் ஒப்புக்கொண்டுதான் பணம் கட்டியிருக்கிறீர்கள். இரவு பதினொரு மணிக்கு விமானம் இறங்கி, குழந்தைகள் பெட்டிகளின் மேல் தூங்கிக்கொண்டிருக்க, முகப்பில் நின்று வேறு காருக்கு மும்மடங்கு விலை கொடுப்பதைவிட இரண்டு நிமிடம் செலவழித்து அந்தப் பத்தியைப் படிப்பது மேல். அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் எனக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன: அந்த நிபந்தனை இல்லாத நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது, அல்லது விலை வித்தியாசம் 150 ரிங்கிட்டைத் தாண்டினால் பேசாமல் புத்தகத்தை வாங்கிவிடுவது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஆங்கில உரிமம் உள்ளவருக்குப் பெரும்பாலான மாநிலங்கள் தடை சொல்வதில்லை. விதிகள் எவ்வளவு திடீரென மாறக்கூடும் என்பதற்கு புளோரிடா ஒரு நல்ல உதாரணம். வெளிநாட்டு உரிமத்தோடு வருபவர்கள் அனைவரும் அனைத்துலக அனுமதி வைத்திருக்க வேண்டும் என்று அந்த மாநிலம் 2013 ஜனவரி முதல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. குளிர்காலத்தைக் கழிக்கத் தங்கள் கார்களிலேயே திரண்டு வரும் கனடாக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஜெனீவா ஒப்பந்தத்துக்கு முரணாகலாம் என்ற கேள்வியும் எழுந்தது. சில வாரங்களில் நடைமுறையை நிறுத்திவைத்து, அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். போன வருடம் போய்வந்த உறவினர் சொன்னதை நம்பிப் புறப்படுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

இத்தாலி, ஸ்பெயின், ஆஸ்திரியா, கிரீஸ் ஆகிய நாடுகளுக்குப் போகிறவர்கள் புத்தகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வழங்கப்பட்ட உரிமத்தோடு அனைத்துலக அனுமதியையும் அங்கே எதிர்பார்க்கிறார்கள். இத்தாலி போன்ற நாடுகளில் அதற்குப் பதிலாகச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் செல்லும் என்றாலும், மொழிபெயர்ப்பு ஒரு நாட்டுக்கு மட்டும்தான் உதவும். ரோமில் கார் எடுத்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டுகிறவருக்குப் புத்தகமே சிக்கனம். இந்த நாடுகளில் வாடகை நிறுவன ஊழியர் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவதும் உண்டு. சாலையில் போலீஸ் நிறுத்தும்போதோ விபத்துக்குப் பிறகு காப்புறுதிப் படிவம் நிரப்பும்போதோதான் இல்லாத குறை தெரியும். யாரும் கேட்கவில்லை என்று ஊருக்கு வந்து சொல்பவர், ஒன்றும் நடக்காததால் கேட்கப்படாதவர்.

ஐரோப்பாவுக்குப் போகும் இளைஞர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. அண்மைய ஆண்டுகளில் லைசன்ஸ் எடுத்தவர்களில் பலர் டிஏ வகையில், அதாவது ஆட்டோ கியர் கார் மட்டும் ஓட்டும் உரிமத்தில், தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். அங்கே மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் மேனுவல் கார்கள். ஆட்டோ கியர் வேண்டுமென்றால் வாடகை கூடும். அனுமதிப் புத்தகத்தில் கார் கட்டத்துக்கு முத்திரை விழுந்திருக்கிறதே என்று மேனுவல் காரை எடுப்பது தவறு. மூல உரிமம் எதை அனுமதிக்கிறதோ அதற்கு மேல் புத்தகம் எதையும் தராது.

இந்தியாவையும் இலங்கையையும் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அங்கே தேர்வு, புத்தகமா லைசன்ஸா என்பதல்ல. நாமே ஓட்டுவதா, ஓட்டுநரோடு எடுப்பதா என்பதுதான். சட்டப்படி பார்த்தால் இந்தியாவும் ஜெனீவா ஒப்பந்த நாடு. மலேசிய அனுமதிப் புத்தகத்தோடு அங்கே ஓட்டலாம், சாலையும் இடப்பக்கம்தான். சென்னையிலும் மதுரையிலும் சுயமாக ஓட்டும் வாடகைக் கார்கள் கிடைக்கின்றன. அப்படி எடுக்கிறவர்கள் எண் பலகையைப் பார்க்க வேண்டும்: முறையாகப் பதிவான சுய ஓட்டு வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது தனியார் சொந்த உபயோகத்துக்கான வண்டி. அதை வாடகைக்கு விடுவது முறையல்ல, விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிட்டுவிடும். தெரிந்தவர் வண்டி, மலிவாகத் தருகிறார் என்று சொந்த பந்தங்கள் ஏற்பாடு செய்து வைக்கும் கார்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

ஓட்டுநரோடு எடுக்கும் காரில் கணக்கு வேறு மாதிரி. ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று வைத்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசி, அதன்மேல் ஓட்டுநர் பேட்டா, சுங்கச்சாவடிக் கட்டணம், கேரள எல்லையைத் தாண்டினால் மாநில வரி ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். இவை எல்லாம் விலையில் அடங்கியவையா, தனியா என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. முடிவில் வரும் மனத்தாங்கல் எல்லாம் இங்கிருந்துதான் பிறக்கிறது. அத்தனையும் கூட்டிப் பார்த்தாலும், கும்பகோணத்துச் சந்துகளில் கோயில் கோயிலாக ஏறி இறங்கும் குடும்பத்துக்கு ஓட்டுநர் வண்டிதான் என் முடிவு. எந்தக் கோபுர வாசலில் நிறுத்தலாம், எந்த நேரத்தில் நடை சாத்துவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எதிர்த் திசையில் ஒரு பேருந்து விளக்கை மின்னிக்கொண்டு வரும்போது யார் ஒதுங்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அதை எந்த அனுமதிப் புத்தகமும் சொல்லிக்கொடுக்காது.

இலங்கையில் அனுமதிப் புத்தகம் மட்டும் போதாது என்பதைப் பலர் அறியாமல் போகிறார்கள். அதற்குக் கொழும்பில் உள்ள இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் மேலொப்பம் பெற வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக உரிமம் வாங்க வேண்டும். 2025 ஆகஸ்டு முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே சுற்றுலாப் பயணிகளுக்குத் தற்காலிக உரிமம் வழங்கும் முகப்பு ஒன்றும் இயங்கத் தொடங்கியிருக்கிறது. யாழ்ப்பாணம் வரை தாமே ஓட்டிப் போக ஆசைப்படுகிறவருக்கு இந்தத் தற்காலிக உரிமம் நேரான வழி. மற்றவர்களுக்கு அங்கும் ஓட்டுநரோடு வேன் எடுப்பதே எளிது.

இணையத்தில் "அனைத்துலக லைசன்ஸ்" என்ற பெயரில் விற்கப்படும் அட்டைகளையும் சிலர் ஒரு வழியாக எண்ணுகிறார்கள். வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், மூன்றாண்டு, பத்தாண்டு செல்லும், பிளாஸ்டிக் அட்டையும் சேர்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்வார்கள். ஜெனீவா வடிவ அனுமதி ஓராண்டுக்கு மேல் செல்லாது. மலேசிய உரிமத்துக்குப் பத்தாண்டு அனுமதி தருகிறோம் என்ற வாக்கியத்திலேயே அதன் போலித்தனம் தெரிந்துவிடுகிறது. அரசாங்கமோ அரசாங்கம் அதிகாரம் கொடுத்த சங்கமோ வழங்காத எதுவும் அனுமதி ஆகாது. ஜப்பானிய முகப்பில் இந்த அட்டையை நீட்டுவதும் வெறுங்கையோடு நிற்பதும் ஒன்றே.

வாங்குவது என்று முடிவானால் காலத்தைச் சற்றுக் கணக்கிட வேண்டும். ஓராண்டு என்பது வழங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. டிசம்பரில் கொரியா, அடுத்த செப்டம்பரில் இத்தாலி என்று இரண்டு பயணம் மனத்தில் இருந்தால், நவம்பர் இறுதியில் எடுக்கும் ஒரே புத்தகம் இரண்டுக்கும் போதும். சீட்டு மலிவாகக் கிடைத்த உற்சாகத்தில் பிப்ரவரியிலேயே எடுத்துவிட்டால் அடுத்த பிப்ரவரியில் அது முடிந்துவிடும். அதற்கு முன் லைசன்ஸில் எத்தனை மாதம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, குறைவாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு அனுமதிக்குப் போவதுதான் சரியான வரிசை. விண்ணப்பிப்பவரிடம் முழுத் தகுதி உரிமம் இருக்க வேண்டும். புதிதாக லைசன்ஸ் எடுத்து இரண்டாண்டுப் புரோபேஷன் காலத்தில் இருக்கும் பிள்ளையை ஓட்டுநர் கணக்கில் சேர்க்காதீர்கள். பல நாடுகளில் வாடகை நிறுவனங்கள் உரிமம் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்றும், 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கூடுதல் கட்டணம் என்றும் கேட்கின்றன. ஆகவே அண்ணன் ஒருவரே ஓட்டி, 150 ரிங்கிட்டோடு நிறுத்திக்கொள்வது பல குடும்பங்களுக்குப் பொருந்தும். நீண்ட தூரம் என்றால் மட்டும் இரண்டாவது ஆள். முன்பணத்தைப் பிடித்துவைக்கப் பெரும்பாலும் ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள் என்பதால், யார் ஓட்டுநர் என்பதை யாரிடம் கார்டு இருக்கிறது என்பதையும் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

இன்னொன்று, புத்தகம் வாங்குகிறவருக்கும் வாங்காதவருக்கும் பொதுவானது. 2023 பிப்ரவரிக்குப் பிறகு மலேசியாவுக்குள் லைசன்ஸ் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும். அதனால் பலர் புதுப்பித்தபோது அட்டையை அச்சிட்டு வாங்கவே இல்லை, பழைய அட்டையில் தேதி முடிந்துபோயிருக்கும். வெளிநாட்டு வாடகை முகப்பிலும் போலீஸ்காரரிடமும் மலேசியச் செயலியின் திரையை நம்பிப் போக முடியாது. சாம்பல் நிறப் புத்தகம் இருந்தாலும் மூல அட்டை இல்லையென்றால் அது பயன்படாது என்பதை முன்பே சொன்னேன். பெர்த்துக்குப் புத்தகம் இல்லாமல் போகிறவர்கள் அந்த அட்டையை மட்டுமே நம்பிப் போகிறார்கள். எனவே அச்சிட்ட அட்டை இல்லாதவர்கள் பயணத் தேதிக்குச் சில வாரம் முன்பே ஜேபிஜே முகப்பில் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்; ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ போகிறவர்கள் அனுமதிக்கான மனுவையும் அதே நடையில் கொடுத்துவிடலாம்.